பெரிய டயரும் சின்னப் பற்சில்லும்

மதினி அதை என்னிடம் கேட்டது குசினி வாசலில் வைத்துத்தான். மருந்துப் பையைக் கொடுத்துவிட்டுப் போகலாமென்று உள்ளே போயிருந்தேன். அவர் திருவலையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கை அசைந்துகொண்டிருந்தது, கண் மூடியிருந்தது. தேங்காய் எப்போதோ முடிந்து, அலகு வெறும் சிரட்டையைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.

"மதினி," என்றேன்.

திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். நல்லவேளை விரல் வெட்டுப்படவில்லை. சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, ஒண்டு கேட்டா கோவிக்கமாட்டீங்கதானே?"

"கேளுங்க."

"ஒங்கட நானாவக் கொஞ்ச நேரம் எங்கயாவது கொண்டு போங்க. கிழமையில ஒரு நாள் போதும். நான் ஒருக்கா நித்திரை கொள்ளணும்."

தேங்காய்ப்பூவை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

நானா என் மூத்த சகோதரர். கரைவலைச் சம்மாட்டி. அதாவது வலையும் வள்ளமும் அவருடையவை. கரையிலிருந்து கயிறு பிடித்து வலை இழுக்கிற ஆட்கள் அவரை நம்பிப் பிழைத்தார்கள். போன வருடம் பாரிசவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. நாக்கும் கொஞ்சம் தடித்துப்போனது. ஆனால் ஏச்சு மட்டும் முன்போலவே தெளிவாக வரும். பகலில் கதிரையிலேயே துண்டு துண்டாகத் தூங்கிவிடுவார். இரவில் அவருக்குத் தூக்கமில்லை. திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், தண்ணீர் வேண்டும், காற்று அடிக்கிறது என்று ஜன்னலைச் சாத்த வேண்டும், புழுங்குகிறது என்று திறக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மதினிதான். மகன் கட்டாரில். மகள் சிலாபத்தில் கைக்குழந்தையோடு. நான் பக்கத்து ஒழுங்கையில் இருந்தாலும் வேலை முடிந்து வந்து அவரைக் குளிப்பாட்டுவதும் சவரம் செய்து விடுவதும்தான் என்னால் முடிந்தது. அதற்கே என் முதுகு சொன்னபடி கேட்பதில்லை.

எங்கே கொண்டுபோவது? அயல் வீடுகளுக்கு அவர் வரமாட்டார். பள்ளிவாசல் முற்றத்தில் உட்கார வைத்தால் வருகிறவர் போகிறவரெல்லாம் சுகம் கேட்பார்கள். அது அவருக்கு ஏச்சைவிட மோசம். அவருக்குப் போக விருப்பமான இடம் ஒன்றே ஒன்றுதான். வாடி.

எங்கள் ஆட்கள் வாடி என்று சொல்வது கடற்கரையில் கிடுகால் வேய்ந்த கொட்டிலை. மீன்காலம் முழுவதும் வலையோடு அங்கேயே தங்குவார்கள். நானாவின் வாடி கற்பிட்டிப் பக்கத்துக் கடலில் நாக்குப்போல் நீண்டிருக்கும் மணல்திட்டில் இருக்கிறது. எங்கள் குடியிருப்புக்கும் அதற்கும் இடையில் ஒரு சேற்றுத்தரை. வெயில் காலத்தில் அது காய்ந்து வெடித்துக் கிடக்கும். உழவு இயந்திரம்கூட ஓடும். ஆனால் கரைவலைக் காலமும் மழைக்காலமும் ஒன்றாகத்தான் வரும். மழை விழுந்து, வாடைக்காற்றும் களப்பின் உப்பங்கழித் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்தால், அந்தத் தரை முழங்காலளவு சேறு. உழவு இயந்திரம் இறங்கினால் புதையும். வள்ளத்தில் போகலாமே என்றால், தண்ணீர் ஆழமில்லாததால் வள்ளம் தூரத்திலேயே தட்டிவிடும். மிச்சத் தூரத்துக்கு ஒரு கனத்த மனிதனைச் சேற்றில் சுமக்க வேண்டும்.

நான் வேலை செய்வது கடலோர ஹோட்டல் ஒன்றில். பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் சறுக்குகிற வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற இடம். வள்ளத்து எஞ்சின், ஜெனரேட்டர், தண்ணீர் மோட்டார் எல்லாம் என் பொறுப்பு. மணலில் விளையாட்டுக்கு ஓட்டவென்று முதலாளி நாலு சில்லு மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றை வாங்கி விட்டிருந்தார். எல்லாரும் குவாட் என்பார்கள். அதில் ஒன்றை யாரோ உப்புத்தண்ணீருக்குள் இறக்கி நாசம் பண்ணிவிட்டார்கள். தென்னைமரத்தடியில் அது துருப்பிடித்துக் கிடந்தது. சுற்றுலாவே படுத்துவிட்ட நேரத்தில், "ஒனக்கு வேணுமெண்டா எடுத்துக்கிட்டுப் போ, எனக்கு எடம் அடைக்குது," என்று முதலாளி சொல்லிவிட்டார். நான் எஞ்சினைப் பிரித்துக் கழுவி, வயர்களை மாற்றி, ஒருவழியாக உயிர் கொடுத்து வைத்திருந்தேன். எதற்கென்று எனக்கே தெரியாமல் இருந்தது.

மதினி கேட்ட பிறகு அதைப் பார்த்தேன். சேற்றில் போகச் செய்த வண்டியல்ல அது. பாய்ந்து ஓடச் செய்தது. தாழ்வான உடம்பு, ஒருவருக்கான இருக்கை, வழவழப்பான டயர். ஆனாலும் எங்களிடம் இருந்தது அதுதான்.

முதலில் நானா உட்காருவதற்கு வழி செய்தேன். உடைந்த பிளாஸ்டிக் கதிரையொன்றின் முதுகுச் சாய்மானத்தை வெட்டி, இரும்புச் சட்டத்தில் பொருத்தி, பின்பக்கம் ஒட்டினேன். இடுப்புக்கு ஒரு பட்டி. விழுந்த காலை வைக்க ஒரு தகடு, அதைக் கட்ட இன்னொரு பட்டி. நானா முற்றத்தில் கதிரையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா, எனக்குச் சந்தூக்கா செய்யுற?"

ஜனாஸாவைத் தூக்கிப்போகிற பெட்டியைத்தான் சொல்கிறார். "வாடிக்குப் போகத்தான் நானா," என்றேன்.

அவர் இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, வேலை முடியும்வரை பார்த்துக்கொண்டேயிருந்தார்.

அந்த முதல் தடவை சேற்றுத்தரையின் விளிம்பைக்கூடத் தாண்டவில்லை. உமிரிப் பூண்டு முளைத்த மேட்டில் நன்றாகத்தான் போனது. சேறு தொடங்கிய இடத்தில் பின் சில்லுகள் சோப்புப்போல் வழுக்கின. நான் முடுக்க முடுக்க வண்டி முன்னால் போகாமல் கீழே போனது. அச்சு சேற்றில் தட்டியதும் எஞ்சினை நிறுத்தினேன். பக்கத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து கயிறு கட்டி இழுத்தார்கள். நானாவை முதலில் இறக்க வேண்டியிருந்தது. இரண்டு பேர் தோள் கொடுக்க அவர் சேற்றில் நின்ற நிலை எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சாரத்தை இடது கையால் பிடித்துக்கொண்டு என்னை ஏசினார். வாப்பாவையும் சேர்த்து ஏசினார். வீட்டுக்கு வந்தபோது மதினி வாசல் கேற்றடியில் நின்றார். எங்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்தது கோபமில்லை. பாயை விரித்துக்கொண்டிருந்தவரை யாரோ கூப்பிட்டதுபோல ஒரு முகம். "பரவாயில்ல தம்பி," என்று சொல்லிவிட்டு வெந்நீர் வைக்கப் போனார்.

அடுத்த லீவு நாளில் சிலாபத்துக்குப் போனேன். அங்கே பழைய வாகனங்களை உடைத்து விற்கிற யார்ட் ஒன்று எனக்குத் தெரியும். இறக்குமதி செய்து உடைத்த பெரிய குவாட் ஒன்றின் சேற்று டயர்கள் கிடைத்தன. வழவழப்பான என் டயர்களைப் போலில்லை. ஒவ்வொரு பல்லும் கட்டைவிரல் நீளத்துக்கு வெளியே நிற்கும். பல்லுக்கும் பல்லுக்கும் இடையில் சேறு விழுந்துபோக இடைவெளி. ரிம்மின் அளவு சரியாக இருந்தது. உயரம்தான் என் டயர்களைவிட நன்றாகக் கூட. கூடினால் நல்லதுதானே, வண்டி மேலே நிற்கும் என்று நினைத்தேன். அந்த உயரம் வேறு எதைக் கேட்கும் என்பதும் தெரியாமலில்லை. சமாளித்துவிடலாம் என்று ஒரு நப்பாசை.

டயர்களைக் கொண்டுவருவதே ஒரு வேலையாகிவிட்டது. பஸ்ஸின் பின்பெட்டியில் மூன்றுதான் அடங்கின. நாலாவதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் போட வேண்டும் என்று பகிடி விட்டார். பாலாவிச் சந்தியில் பஸ் மாறும்போது மழை பிடித்துக்கொண்டது. கற்பிட்டி வீதியில் நுரைச்சோலை தாண்டும்வரை நான் டயரில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டேன். எழும்பியபோது கன்னத்தில் ரப்பர்ப் பல்லின் அச்சு. பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் அதைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

ரிம்மில் ஏற்றுவது அதைவிடப் பெரிய பாடு. சவர்க்காரத் தண்ணீர் பூசி, இரும்புப் பட்டைகளால் நெம்பி, முழங்காலை வைத்து அழுத்தி, ஒரு பக்கம் உள்ளே போனால் மறுபக்கம் வெளியே வரும். விளிம்பு ரிம்மில் போய் உட்காரும்போது 'டப்' என்று வெடித்ததுபோல் ஒரு சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் நானா கதிரையில் தூக்கிப்போட்டு விழித்து, "யா அல்லாஹ், மனுசன நித்திரை கொள்ள விடமாட்டியா?" என்பார். உள்ளே மதினி பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாக வைக்கிற சத்தம் கேட்டது.

பூட்டிப் பார்த்தால் பின் டயர்கள் மட்காட்டில் உரசின. முன் டயர்களைத் திருப்பினால் கால் வைக்கிற கம்பியில் முட்டின. கத்தியைச் சூடாக்கி மட்காட்டை வெட்டினேன். கம்பியை வளைத்தேன். பின் சில்லுகளுக்கும் அச்சுக்கும் நடுவில் கனமான வளையம் போட்டு வெளியே தள்ளினேன். வண்டி இப்போது அகலமாக, உயரமாக, முரட்டுத்தனமாக நின்றது. பார்க்க நன்றாகவே இருந்தது.

ஓட்டிப் பார்த்தபோது உண்மை தெரிந்தது. முதலாவது கியரில் போட்டு கிளச்சை விட்டேன். எஞ்சின் இருமிக்கொண்டு நின்றுவிட்டது. இன்னும் முடுக்கி விட்டேன். வண்டி அசைந்தது, ஆனால் கிளச் வழுக்கிக் கருகிய மணம் வந்தது. ஒழுங்கைச் சந்திவரை போய்த் திரும்புவதற்குள் எஞ்சின் அடுப்புப்போல் கொதித்தது. பின்னால் ஆளே இல்லை. சேறும் இல்லை.

நான் வண்டியை நிறுத்திவிட்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். நாள் முழுவதும் குனிந்து குனிந்து முதுகு விறைத்துப்போயிருந்தது. எழும்ப மனமில்லை.

நானா கதிரையிலிருந்து கூப்பிட்டார். "டேய். அது இழுக்காது."

"தெரியுது நானா."

"சின்ன எஞ்சினுக்குப் பெரிய விசிறி போட்டா என்ன நடக்கும்?"

வள்ளத்து எஞ்சினில் தண்ணீருக்குள் சுற்றுகிற விசிறியைச் சொல்கிறார். அளவுக்கு மீறிப் பெரிதாகப் போட்டால் எஞ்சின் திணறும், வள்ளம் போகாது.

"திணறும்," என்றேன்.

"அதுதான் இது. சில்லப் பெருசாக்கிட்ட. உள்ளுக்கு ஒண்டும் மாத்தல்ல. பல்லுச்சில்ல மாத்து."

நாக்கு தடித்திருந்ததால் 'பல்லுச்சில்லு' என்பதைச் சொல்ல அவருக்கு இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது. நோய் வந்த பிறகு தண்ணீர், ஜன்னல், வலி இவற்றைத் தவிர வேறொரு விஷயத்தைப் பற்றி அவர் பேசியது அன்றைக்குத்தான். மதினி குசினி வாசலுக்கு வந்து நின்று கேட்டுவிட்டுப் போனார்.

அவர் சொன்னது சரி. பெரிய டயர் ஒரு சுற்றுச் சுற்றினால் கூடுதல் தூரம் போகும். அந்தக் கூடுதல் தூரத்துக்கு இழுக்கிற பலம் வேண்டும். என் எஞ்சினுக்கு வேகமாகச் சுற்றும்போதுதான் பலம். மெதுவாகப் பாரம் இழுக்கச் சொன்னால் மூச்சு முட்டிவிடும். அதற்கு மருந்து செயின் ஓடுகிற இரண்டு பற்சில்லுகளில் இருக்கிறது. எஞ்சின் பக்கத்துச் சின்னதை இன்னும் சின்னதாக்க வேண்டும். அச்சிலிருக்கும் பெரியதை இன்னும் பெரிதாக்க வேண்டும். வேகம் போகும், இழுவை வரும்.

மறுபடியும் சிலாபம். முன்பக்கச் சில்லு மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடையில் கிடைத்தது, ஒரு பல் குறைவாக. அதற்குமேல் குறைத்தால் செயின் இறுக்கமாக வளைந்து சீக்கிரம் தேய்ந்துவிடும். மிச்சத்தைப் பின்னால்தான் கூட்ட வேண்டும். அதற்கு ஏற்றது கடையில் இல்லை. லேத் வைத்திருக்கிற சிங்களவர் ஒருவரிடம் பழையதைக் கொடுத்து, இதே துளைகளோடு பெரிதாக வெட்டித் தரச் சொன்னேன். எங்கள் பக்கத்து ஆட்களோடு பழகிப் பழகி அவருக்குத் தமிழ் சரளம்; தம்பி என்பதற்கு மட்டும் சிங்களத்தில் மல்லி என்பார்.

"என்ன மல்லி, ரேஸ் ஓடப் போறதா?"

"இல்ல பாஸ். நடக்கப் போறது. சுகமில்லாத ஆளை வச்சுக்கிட்டு சேத்துல நடக்கணும்."

அவர் பழைய சில்லை விரலால் சுற்றிப் பார்த்தார். "ஓடுற குதிரைய மாடு ஆக்கப் போறது. சரி, செய்யலாம். ஆனா ரொம்பப் பெருசாக் கேட்க வேணாம். கீழ கல்லுல அடிக்கும்." அதற்குப் பிறகு யார் சுகமில்லை என்று கேட்டார். நான் சொன்னேன். அவருடைய அம்மாவும் அப்படித்தான் கிடந்து போனார் என்றார். வேலையை அன்றைக்கே முடித்துத் தந்தார்.

புதிய சில்லுக்குப் பழைய செயின் போதவில்லை; கண்ணிகள் சேர்த்தேன். இறுக்கத்தைச் சரிபார்க்க, பாரம் ஏற்றிய நிலையில் பார்க்க வேண்டும் என்பதற்காக நானாவையே தூக்கி வண்டியில் உட்கார வைத்தேன். அவர் உட்கார்ந்திருக்க நான் கீழே படுத்துச் செயினை விரலால் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். "இன்னும் கொஞ்சம் தளர்த்து," என்று மேலேயிருந்து சொன்னார். அவருக்கு அங்கிருந்து செயின் தெரியாது. ஆனாலும் தளர்த்தினேன். உண்மையில் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது.

இப்போது முதல் கியரில் வண்டி கிளச் விட்டதும் முனகாமல் கிளம்பியது. மெதுவாக. ஒழுங்கையில் மேய்ந்துகொண்டிருந்த கழுதைகள் எங்களை முந்திக்கொண்டு போயின. "கழுதைக்குக் கூட ஒன்ட வண்டியப் பாத்துப் பயமில்ல," என்றார் நானா. பின்னால் பாரம் கூடியதால் முன் சில்லுகள் நிலத்தை விட்டுத் தூக்கின. முன்னால் ஒரு மண்மூட்டை கட்டினேன்.

வாடிக்குப் போன அன்று காலை வெயில் இருந்தது. டயர்களின் காற்றை நன்றாகக் குறைத்திருந்தேன், சேற்றில் பரந்து பிடிக்கட்டும் என்று. மதினி நானாவுக்கு வெளுத்த சாரமும் சட்டையும் போட்டுவிட்டிருந்தார். தொப்பியைச் சரியாக வைத்துவிட்டார். ஒரு பையில் மாற்றுச் சாரமும் துவாயும் வைத்து என் கையில் தந்தார். "அவசரப்பட வேணாம். ஆறுதலா வாங்க," என்றார்.

சேற்றில் நிற்கக்கூடாது. நின்றால் புதையும். அது ஒன்றுதான் என் மனதில் இருந்தது. கண்டல் மரங்களின் ஓரமாக, வேர் பிடித்து இறுகிய இடமாகப் பார்த்துப் போனேன். டயர்ப் பல்லுகள் சேற்றைக் கவ்விக் கவ்வி எறிந்தன. மட்காட்டை வெட்டியிருந்ததால் எறிந்த சேறெல்லாம் எங்கள் மேல்தான். தூரத்தில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. நடுத்தரையில் ஒரு பள்ளத்தில் வண்டி ஒரு பக்கம் சரிந்தது. பின்னால் நானாவின் உடம்பு பட்டியில் தொங்கியது. அவருடைய இடது கை என் சட்டையைப் பிடித்தது. நான் முடுக்கவுமில்லை, விடவுமில்லை. அதே வேகத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் உறுமியது, ஆனால் திணறவில்லை. சில்லுகள் சுற்றிச் சுற்றி எதையோ பிடித்துக்கொண்டன. ஏறினோம்.

போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து எங்கள் ஆட்கள் எல்லாரையும் வெளியேற்றியபோது நான் சின்னப் பிள்ளை. இடுப்பளவு தண்ணீரில் என்னைத் தோளில் வைத்து வள்ளம்வரை கொண்டுபோனவர் நானாதான் என்று உம்மா சொல்லுவார். எனக்கு அது ஞாபகமில்லை. அந்தச் சேற்றில் ஏனோ அது நினைவுக்கு வந்தது. வந்து என்ன, முதுகு வலி குறையவில்லை.

மணலில் ஏறியதும் திரும்பிப் பார்த்தேன். வெளுத்த சட்டை தெரியவில்லை. முகத்தில் கண்கள் மட்டும் தெரிந்தன.

வாடியை இப்போது பார்த்துக்கொள்கிறவர் நானாவோடு இளவயதிலிருந்து வலை இழுத்தவர். எஞ்சின் சத்தம் கேட்டு வெளியே வந்தவர் எங்களைக் கண்டு அப்படியே நின்றார். பிறகு ஓடிவந்தார்.

"வாங்க சம்மாட்டி. வாங்க. இது என்ன கோலம்?"

"இவன்ட வேலை," என்றார் நானா.

கொட்டிலின் நிழலில் ஒரு பெட்டியைக் கவிழ்த்து, வலையைச் சுருட்டிச் சாய்மானம் வைத்து உட்கார்த்தினோம். பால் கலக்காத பிளேன்ரீ வந்தது. ஆட்கள் ஒவ்வொருவராக வந்து ஸலாம் சொல்லிக் கையைப் பிடித்தார்கள். அவருக்கு நீட்ட இடது கைதான் இருந்தது, சிலர் தடுமாறினார்கள். பிறகு வலை இழுக்கிற நேரம் வந்தது. இரண்டு கயிற்றிலும் ஆட்கள் நின்று பின்னால் சாய்ந்து இழுக்கத் தொடங்கினார்கள்.

நானா உட்கார்ந்த இடத்திலிருந்து கட்டளை கொடுத்தார். "வடக்குக் கயிறு மெதுவா! வலை வாயைச் சேருங்கடா!" காற்றில் அது யாருக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விளங்கியிருக்காது. வாடியைப் பார்க்கிறவர் நடுவில் நின்றுகொண்டு, "வடக்குக் கயிறு மெதுவா! சம்மாட்டி சொல்றார்!" என்று திருப்பிக் கத்தினார். அவர்கள் முன்பே மெதுவாகத்தான் இழுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் அது தெரிந்தது. நானாவுக்கும் தெரிந்திருக்கும். இரண்டாவது கட்டளைக்குப் பிறகு அவர் பேசாமல் இருந்துவிட்டார்.

வலையில் பெரிதாக ஒன்றுமில்லை. கொஞ்சம் சாளை, கொஞ்சம் நெத்தலி, நிறையக் கூழ்போன்ற சொறிமீன். ஆட்கள் மீனைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது நானா என்னைக் கையால் கூப்பிட்டார். கிட்டப் போனேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாரம் நனைந்திருந்தது.

"கொட்டிலுக்குப் பின்னால கொண்டு போ," என்றார்.

வண்டியில் ஏற்றி, திட்டின் மறுபக்கம், யாருக்கும் தெரியாத இடத்துக்குக் கொண்டுபோனேன். களப்புப் பக்கத்துத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அவரை என் முழங்காலில் சாய்த்து உட்கார வைத்துக் கழுவினேன். சேறு, மூத்திரம் எல்லாம் ஒன்றாகப் போனது. தண்ணீரைக் கையால் அள்ளி அள்ளி ஊற்றினேன். வலது கால் வாழைத்தண்டுபோல் சில்லென்று கிடந்தது.

"அருவருப்பா இல்லையாடா ஒனக்கு?"

"இல்ல நானா. களைப்புத்தான்."

அவர் தன் விழுந்த காலைப் பார்த்தார். பிறகு, "அவளுக்கும் அப்படித்தான் இருக்கும்," என்றார்.

மாற்றுச் சாரத்தைக் கட்டிவிட்டேன்.

திரும்பி வரும்போது பின்னேரத்து அஸர் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. கேற்றடியில் எஞ்சினை நிறுத்தினேன். வீடு சத்தமில்லாமல் இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். மதினி விறாந்தையில் பாய் விரித்து, தலையணைகூட இல்லாமல், கையை மடித்துத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அடுப்பு எரிந்த அடையாளமே இல்லை. காலையில் நாங்கள் போன கையோடு படுத்திருக்க வேண்டும்.

திரும்பி வந்து, "நித்திரை," என்றேன்.

நானா தலையை அசைத்தார். "இருக்கட்டும்."

அவரை இறக்கி உள்ளே கொண்டுபோனால் சத்தம் கேட்கும். அதனால் வண்டியிலேயே இருந்தோம். அவர் பட்டி கட்டியபடி பின்னால். நான் ஹாண்டிலில் கையை ஊன்றி முன்னால். சேறு காய்ந்து தோல் இழுத்தது. இலையான்கள் வந்து மொய்த்தன. அவற்றைத் துரத்தக்கூட எனக்குத் தெம்பில்லை. நானாவுக்குத் தாகமாக இருந்திருக்கும். ஒரு முறைகூடத் தண்ணீர் கேட்கவில்லை. ஒழுங்கையால் போன ஒருவர், "என்ன, வண்டி பழுதா?" என்று கேட்டார். நானா உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

பொழுது விழுந்து மஃரிப் பாங்குக்குத்தான் மதினி எழும்பினார். பதறிக்கொண்டு ஓடிவந்தார். "எப்ப வந்தீங்க? என்னத்துக்குக் கூப்பிடல்ல?"

"இப்பதான்," என்றார் நானா.

அதற்குப் பிறகு இந்த மழைக்காலம் முழுக்க நாங்கள் போனோம். கிழமைக்கு ஒரு தடவை; சில கிழமைகளில் என்னால் முடியாமல் போகும். எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. நானாவின் இரவுகள் அப்படியேதான். அந்த ஒரு நாளைத் தவிர மற்ற நாட்களில் ஏச்சும் அப்படியே. கிளச் தட்டுகள் கருகி ஒரு தடவை மாற்றினேன். பின் பற்சில்லு ஒரு நாள் முருகைக்கல்லில் அடித்துப் பல் வளைந்தது; அரத்தால் ராவிச் சரிசெய்தேன். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் செயினைக் கழற்றி உப்பும் சேறும் போகக் கழுவி எண்ணெய் போட வேண்டும். அந்த வேலையைச் செய்யும்போதெல்லாம் அடுத்த கிழமை போகமாட்டேன் என்று நினைத்துக்கொள்வேன். மதினி இடையில் ஒரு தடவை காலை பஸ்ஸில் சிலாபம் போய்ப் பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டு மாலையில் வந்தார். கையில் குழந்தையின் வாசம் அடிக்கிறது என்று என் மனைவியிடம் சொன்னாராம்.

வாடியில் நானா இப்போது கட்டளை கொடுப்பதில்லை. இடது கையால் நெத்தலியைப் பிரிக்கிறார். மெதுவாகத்தான். யாரும் அவசரப்படுத்துவதில்லை.

போன கிழமை நான் அவரைக் கொட்டிலில் உட்கார வைத்துவிட்டு, கொஞ்சம் முதுகு நீட்டலாமென்று மணலில் சாய்ந்தேன். கண் விழித்தபோது வெயில் இறங்கிவிட்டது. என் மேல் யாரோ சாக்கு ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள். காற்றுத் திரும்பி, சேற்றுத்தரை முழுவதும் தண்ணீர் நின்றது. வண்டி போகாது.

"என்னத்துக்கு நானா எழுப்பல்ல?" என்று பதறினேன்.

"எழுப்பி என்ன? தண்ணி வராம நிக்குமா?" அவர் கையில் மீன் செதிள் ஒட்டியிருந்தது. "அவளுக்குப் போன் போட்டுட்டன். தண்ணி வடிஞ்சு வருவமெண்டு."

"மதினி என்ன சொன்னா?"

"நல்லதெண்டு சொன்னா."

வாடிக்காரர் சோறு ஆக்கத் தொடங்கியிருந்தார். நானா மீன்கூடையை என் பக்கம் தள்ளிவிட்டார். நான் எழும்பி உட்கார்ந்து சாளையைக் கழுவத் தொடங்கினேன்.